வடிவு தாடையைத் தைத்துக்கொண்ட கதை

வேலாங்குளத்தின் நடுவில், தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தில், வடிவு என்ற கூழைக்கடா மூன்று முட்டைகள்மேல் உட்கார்ந்து தன் தாடையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.

கூழைக்கடாவைப் பார்த்திருப்பீர்கள். பெரிய நீர்ப்பறவை. அலகே ஒரு முழம் இருக்கும். அந்த அலகுக்கு அடியில், தாடையிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரு தோல்பை தொங்கும். வடிவுக்கும் தொங்கியது. அதன் அம்மாவுக்கும் தொங்கியது. ஆனால் முட்டையிட்டு உட்காரும்வரை வடிவுக்கு அதைக் குனிந்து பார்க்க நேரம் கிடைத்ததில்லை. பறந்தது, மீன் பிடித்தது, தின்றது, தூங்கியது. இப்போதோ முட்டைச் சூடு ஆறிவிடக் கூடாது என்று ஒரே இடத்தில் கிடக்க வேண்டியிருந்தது. கீழே காற்றில்லாத தண்ணீர் பளபளவென்று இருந்தது. அதில் ஒரு முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே ஒரு பை தெரிந்தது.

"ஐயோ! இவ்வளவு பெரிசா!" என்று வடிவு திடுக்கிட்டது.

அதுவரை அது வெறும் திடுக்கிடல்தான். அதைக் கவலையாக வளர்த்துவிட்டது பக்கத்துக் கிளையில் குடியிருந்த பவளம்.

பவளம் ஒரு பாம்புத்தாரா. மெல்லிய நீளக் கழுத்து, கூரான அலகு. தண்ணீருக்குள் மூழ்கி மீனைக் குத்திக்கொண்டு வரும். வந்ததும் சிறகு இரண்டையும் அகல விரித்து வெயிலில் காயப்போடும். சிறகு காய்கிற நேரத்தில் வாய்க்கு ஒரு வேலை வேண்டாமா? அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுக்கும்.

"தப்பா நெனைக்காதிய மதினி" என்று பவளம் ஆரம்பித்தது. இப்படி ஆரம்பிக்கிறவர்கள், தப்பாக நினைக்கும்படியாகத்தான் ஏதாவது சொல்வார்கள்.

"சொல்லு பவளம்."

"முட்டை பொரியப் போகுதுல்லா? குஞ்சுக மொதமொதல்ல யாரப் பாக்கும்?"

"யாரப் பாக்கும்? பெத்தவளத்தான் பாக்கும்!"

"அதான் எனக்கு ரோசனையா இருக்கு. இந்தத் தொங்குதாடையப் பாத்தா பச்சப்பிள்ளைக பயந்துராதா மதினி? அம்மான்னு வந்து ஒட்டுமா?"

வடிவுக்கு இது தலைப்பிரசவம். குஞ்சு எப்படி இருக்கும், எப்படி அழும், எதைத் தின்னும் என்று ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் பயம் சுலபமாக வந்து குடியேறிவிடும். மூன்று குஞ்சுகள் தன்னைப் பார்த்து வீறிட்டு அழுவதாகவும், மூன்றும் கூட்டின் மறு ஓரத்துக்கு ஓடுவதாகவும் வடிவுக்குத் தோன்றத் தொடங்கியது. கண்ணை மூடினாலும் அதுதான். திறந்தாலும் அதுதான்.

சாயங்காலம் அதன் கணவன் இசக்கி முட்டையில் மாற்றி உட்கார வந்தது.

"அத்தான், என் தாடை எப்படி இருக்கு?" என்று வடிவு கேட்டது.

"தாடையா? இருக்குல்லா!" என்றது இசக்கி.

"ஐயோ, நல்லா இருக்கான்னு கேட்டேன்."

"தாடை இருந்தா நல்லதுதான!" என்று சொல்லிவிட்டு இசக்கி வசதியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. நல்ல பறவைதான். ஆனால் கேள்வி ஒன்று, அதற்குள் இருக்கிற கேள்வி இன்னொன்று என்பது அதற்கு விளங்காது.

பார்த்துப் பார்த்து அத்தானுக்குப் பழகிவிட்டது, பிள்ளைகளுக்கு அப்படிப் பழகியிருக்காதே என்று வடிவு நினைத்தது. மறுநாள் காலையில், "மீனுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. மீனுக்குப் போகவில்லை. தாடைக்கு வைத்தியம் தேடிப் போனது. வழிகாட்டப் பவளமும் கூடவே வந்தது.

முதலில் அட்டையிடம் போனார்கள். அது கரையோரச் சேற்றில் சுருண்டு கிடந்தது.

"கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம்!" என்றது அட்டை. "ஒட்டிக்கிடுவேன். உறிஞ்சுவேன். பை வத்திப்போகும். ஒட்டினதே ஒங்களுக்குத் தெரியாது! சந்தேகமா இருந்தா அந்தா நிக்கிற எருமையக் கேளுங்க. அது காதுல நான்தான் வேல பாத்தேன்."

வடிவு எருமையைக் கேட்டது. எருமை ஆச்சரியப்பட்டது. "என் காதுலயா? எப்ப?" என்றது.

"பாத்தியளா! தெரியவே தெரியாது!" என்று அட்டை பூரித்துப்போனது.

"எப்ப நிறுத்துவ?" என்று வடிவு பயந்துபோய்க் கேட்டது.

"என் வயிறு நெறைஞ்சதும்!"

'என் தாடை சரியானதும்' என்று அது சொல்லவில்லை. அதை வடிவு கவனித்தது. மெல்லப் பின்வாங்கியது.

அடுத்து நண்டு. அது வரப்பு ஓரத்து வளையின் வாசலில் கொடுக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பையை என்ன செய்யலாம்?" என்று வடிவு கேட்டது.

நண்டு தன் குச்சிக் கண்களால் பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. "வெட்டலாம்."

"ரெத்தம் வருமா?"

"வரும்."

"வலிக்குமா?"

"பின்னே?"

"வெட்டினதுக்கப்புறம் வேணும்னா மறுபடி வளருமா அண்ணாச்சி?"

"எனக்குக் கால் போனா வளருது. ஒங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா" என்றது நண்டு. ஒளிவுமறைவு இல்லாத பதில். அந்த ஒரே காரணத்தால் வடிவு அங்கே நிற்காமல் பறந்தது. வைத்தியத்துக்கு அலைகிற மனசு உண்மையைக் கேட்கவா போகிறது? தைரியம் சொல்கிறவர்களைத்தான் தேடுகிறது.

தைரியம் சொல்லத் தையல்சிட்டு இருந்தது. கரையில் ஒரு நொச்சிப் புதரில் அதன் குடித்தனம். கட்டை விரல் பருமன்கூட இல்லாத குருவி. ஆனால் இரண்டு இலைகளைச் சேர்த்து, அலகால் குத்தி, பஞ்சு நூலைக் கோத்து இழுத்தால், இலை கூடாகிவிடும். அந்த வட்டாரத்தில் அதன் தையலுக்கு நல்ல பேர்.

"அடடா, இதுக்கா இவ்வளவு கவலை!" என்றது சிட்டு. "வெட்டவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம் அக்கா. மேல தூக்கி, ரெண்டு மடிப்பு மடிச்சு, வரிசையா தையல் போட்டா முடிஞ்சுது. தாடை செதுக்கின மாதிரி நிக்கும்!"

"மீன் பிடிக்கணுமே?"

"ஒரு அள்ளு அள்ளி முழுங்கணுமா என்ன? நம்ம பவளத்தப் பாருங்க. ஒண்ணொண்ணாக் குத்தித் தின்னுட்டு எவ்வளவு நாசூக்கா இருக்கு!"

பவளம் கழுத்தை வளைத்துச் சிரித்துக்கொண்டது.

"பிரிஞ்சு போயிராதே?" என்று வடிவு கேட்டது.

"நான் தச்ச எலை பிரிஞ்சதாச் சரித்திரமே இல்ல!"

வேண்டாமென்றால் அவிழ்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்க வடிவு வாயெடுத்தது. தைக்கும் முன்பே அவிழ்ப்பதைப் பேசினால் சிட்டு வருத்தப்படுமோ என்று தோன்றியது. கேட்கவில்லை. அந்தப் பை எதற்கு இருக்கிறது என்று சிட்டும் கேட்கவில்லை. அதன் கண்ணுக்கு அது ஒரு பெரிய இலை, அவ்வளவுதான்.

வடிவு அலகை நொச்சிக் கிளையில் சாய்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒவ்வொரு குத்துக்கும் கால்விரல்கள் சுருண்டன. 'பிள்ளைகளுக்காக, பிள்ளைகளுக்காக' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் தண்ணீரில் பார்த்தது. பையைக் காணோம்! தாடை இறுக்கமாக, வடிவாக நின்றது. பவளம் வாயைப் பிளந்தது. கொக்குகள் திரும்பிப் பார்த்தன. குளம் முழுக்க அதே பேச்சு.

கூட்டுக்குத் திரும்பியதும் இசக்கி மட்டும் பதறியது. "என்ன பிள்ள, மொகம் வத்திப்போச்சு? ஒடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. சரியாத்தான் இருக்கேன்" என்று வடிவு வெடுக்கென்று சொன்னது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் வெயில் ஏறியது. கூழைக்கடாக்கள் வெக்கை தாங்காதபோது தாடைப்பையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். உடம்புச் சூடு அப்படித்தான் இறங்கும். மற்ற மரங்களில் எல்லாரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். வடிவு மட்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மீனையும் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க முடிந்தது. அரை வயிறு, கால் வயிறு. 'அழகாக இருப்பதென்றால் சும்மாவா?' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டது. ஆனால் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

குளத்தில் தண்ணீர் வற்ற, மீனும் குறைந்தது. ஒரு நாள் விடிந்ததும் இசக்கி, "ஆத்துக்கு அக்கரையில ஒரு குளத்துல மீன் கெடக்காம். போயிட்டுப் பொழுது சாயத் திரும்பிருதேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அது கண்ணுக்கு மறைந்த கொஞ்ச நேரத்தில் முதல் முட்டையில் விரிசல் விட்டது. அதைத் தொடர்ந்து அடுத்தது. அப்புறம் கடைசி முட்டையும்.

மூன்று குஞ்சுகள்! இறகே இல்லாத, இளஞ்சிவப்பான மூன்று சதைத்துண்டுகள். வடிவு நடுங்கிக்கொண்டே தாடையை நேராக நிமிர்த்தி, நன்றாகத் தெரியும்படி காட்டியது. பயப்படுகின்றனவா? ஓடப் பார்க்கின்றனவா?

அவை பயப்படவில்லை. ஓடவும் இல்லை. அவற்றுக்குக் கண்ணே திறக்கவில்லை.

முதல்முதலில் பார்க்கும் பார்க்கும் என்று அத்தனை நாள் பயந்ததெல்லாம் யாருக்காக? பார்க்கிறதுக்கு அங்கே கண்ணே இல்லை!

முதல் குஞ்சு தள்ளாடித் தலையைத் தூக்கியது. வடிவின் தாடையில் முட்டியது. வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி தூக்கி மறுபடி முட்டியது. இரண்டாவதும் அப்படியே செய்தது. அவை எதையோ தேடின. தையலில் மோதி மோதித் தேடின.

அப்போதுதான் வடிவுக்கு அது நினைவு வந்தது. எங்கோ அடிமனதில் கிடந்த நினைவு. வெதுவெதுப்பான ஓர் இருட்டு. மீன்வாசம். தலையைக் கழுத்துவரை உள்ளே விட்டு, அம்மாவின் பைக்குள்ளிருந்து பசியாறிய ஞாபகம்.

"ஐயோ! பிள்ளைக சோறு திங்கிற சட்டியையா தச்சு வச்சேன்!" என்று வடிவு அலறியது.

பதறிப்போய் மரத்தடியிலேயே ஒரு சின்ன மீனைப் பிடித்து வந்து அலகு நுனியால் நீட்டியது. கண் தெரியாத குஞ்சுகளுக்கு அது எங்கே தெரியும்? மீன் கூட்டுக் குச்சிகளுக்கிடையே நழுவித் தண்ணீரில் விழுந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காகம் வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் கூட்டையே பார்த்தது.

"சிட்டு! தையல்சிட்டு! ஓடி வா!" என்று வடிவு குளமே அதிரக் கத்தியது.

சிட்டு பறந்து வந்தது. "என்னக்கா, தையல் விட்டுப்போச்சா? விடாதே!"

"விட மாட்டேங்குது, அதான் கேடு! சீக்கிரம் அவுத்து விடு!"

சிட்டு திருதிருவென்று விழித்தது. "அவுக்கவா? எனக்குத் தைக்கத்தானக்கா தெரியும்! நான் தச்ச எலையெல்லாம் காஞ்சு தானா உதிர்ந்து போகும். இதுவரைக்கும் ஒருத்தரும் அவுக்கச் சொன்னதில்லியே!" ஒரு நூலைப் பிடித்து இழுத்தும் பார்த்தது. தையல் இன்னும் இறுகியது. வடிவு வலியில் துடித்தது. சிட்டு பயந்து புதருக்குள் ஓடிவிட்டது.

இனி ஒரே வழி நண்டுதான். ஆனால் நண்டு மரம் ஏறாது. வடிவுதான் கரைக்குப் போக வேண்டும். போனால் குஞ்சுகளை வெயில் கொன்றுவிடும். வெயில் விட்டாலும் காகம் விடாது. இருந்தால் பசி கொன்றுவிடும். எழுந்தது. உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. மூன்றாவது குஞ்சு, எல்லாவற்றிலும் சின்னது, தலையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டிருந்தது.

"மதினி, நீங்க போங்க. நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது.

பவளம்தான். வடிவு அதை முறைத்தது. "ஒன் வாய்தான எனக்கு இந்தக் கதியக் கொண்டுவந்தது! ஒன்ன நம்பி எப்படி விட்டுட்டுப் போவேன்?"

பவளம் தலையைக் குனிந்தது. "நாரை ஒண்ணு என் கழுத்தப் பாத்துப் பாம்புன்னு சொல்லிச் சிரிச்சுது மதினி. எனக்கு மட்டும் இப்படியான்னு வயிறெரிஞ்சுது. அந்த எரிச்சல ஒங்க மேல எறக்கி வச்சுட்டேன். திட்டுறத வந்து திட்டுங்க. இப்பப் போங்க!"

சொல்லிவிட்டுக் கூட்டின்மேல் வந்து நின்று, சிறகு இரண்டையும் அகல விரித்தது. மூன்று குஞ்சுகள்மேலும் நிழல் விழுந்தது. வடிவு ஒரு கணம் பார்த்தது. வேறு வழியும் இல்லை. ஒரே பாய்ச்சலாகப் பறந்தது.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! வெட்டுங்க!" என்று வளை வாசலில் போய் விழுந்தது.

நண்டு வெளியே வந்து பார்த்தது. "அன்னைக்கு எங்கிட்ட வெட்டியிருந்தா இன்னைக்கு வெட்டப் பையே இருந்திருக்காது. நல்லவேளை, ஓடிட்டிய!" என்றது. "நூலத்தான வெட்டணும்? அலகச் சேத்துல வைங்க. அசையாதிய. அசைஞ்சா தோலும் சேந்து போயிரும்."

அசையாமல் இருப்பதா! உடம்பெல்லாம் உதறுகிறது. காதில் காகம் கத்துகிற சத்தம் வேறு கேட்கிறது. வடிவு மூச்சை அடக்கிக்கொண்டது. நறுக். இன்னொரு நறுக். கூட்டுப் பக்கமிருந்து பவளம் வீறிட்டது. வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் எல்லாம் போய்விடும். நறுக், நறுக், நறுக். கடைசி நூலும் அறுந்து, பை தொப்பென்று தொங்கியது.

அது அப்படித் தொங்கியதற்காக வடிவு சந்தோஷப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவே நம்பியிருக்குமா?

நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. தண்ணீரில் பாய்ந்து ஒரு அள்ளு அள்ளியது. தையல் குத்தின ஓட்டைகள் வழியே தண்ணீர் ஒழுகியது. பொடிமீன்கள் அதோடு நழுவின. கெளுத்திக்குஞ்சு இரண்டு மட்டும் தங்கின. அதுவே போதும் என்று பறந்தது.

கூட்டில் பவளம் அப்படியே சிறகு விரித்து நின்றது. அதன் தோளில் ரத்தம் கசிந்தது. காகம் இரண்டு கிளை தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாம்புக் கழுத்தும் கூரான அலகும் எதற்கு என்று அதற்கு அன்றைக்குத் தெரிந்துபோனது.

வடிவு அலகைத் தாழ்த்தித் திறந்தது. பை விரிந்தது. முதல் குஞ்சு முட்டியது, தடவியது, தலையை உள்ளே விட்டது. இரண்டாவதும் விட்டது. சின்னது அசையவில்லை.

"என் தங்கம், எந்திரி! எந்திரிம்மா!" என்று வடிவு அலகால் மெல்லப் புரட்டியது. பையை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. பவளமும் காத்திருந்தது. பொழுது சாய்ந்து, வெயில் தணிந்து, இசக்கி பை நிறைய மீனோடு வந்து இறங்கிய பிறகுதான் அந்தச் சின்னத் தலை மெல்ல நிமிர்ந்து பையைத் தேடியது.

நடந்ததைக் கேட்ட இசக்கி, "கிறுக்குப் பிள்ள! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றது.

"கேட்டேன் அத்தான். 'இருக்குல்லா'ன்னு சொன்னிய."

அன்றிலிருந்து அந்தக் கூட்டுக்கு இரட்டை வேலையாக மீன் சுமந்தது இசக்கிதான். வடிவின் பையில் ஓட்டைகள் தூர்ந்து வரும்வரை பொடிமீன் ஒன்றும் நிற்கவில்லை. தூர்ந்த பிறகும் வரிசையாகத் தழும்புகள் மட்டும் நின்றுவிட்டன.

சில நாட்கள் கழித்து, எல்லாவற்றிலும் சின்னதான அந்தக் குஞ்சுக்கு முதலில் கண் திறந்தது.

வடிவுக்குப் பழைய பயம் ஒரு நொடி திரும்ப வந்தது. தொங்கும் பை. போதாக்குறைக்கு இப்போது தழும்பு வேறு. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று நினைத்தது. திருப்பவில்லை. குஞ்சு அதன் முகத்தை நேராகப் பார்த்தது. பையைப் பார்த்தது. தழும்புகளைப் பார்த்தது.

"அம்மா, பசிக்குது!" என்று கத்திக்கொண்டே தலையைக் கழுத்துவரை பைக்குள் விட்டது.

யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள் என்று நம் உடம்பைத் திருத்தப் போவதற்கு முன், அது எதற்காக இருக்கிறது, யார் அதை நம்பி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.